எஸ்எஸ்டி போடும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்

சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான, சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் காலையில் பழைய ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. அதில் இருந்தவை பழைய ஃபைல்கள்தான், விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கிறது என்று அவர் தைரியமாகத்தான் இருந்தார். ஆனால் கம்ப்யூட்டர் பூட் ஆகவே இல்லை.

எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தவர், பழைய டிஸ்க்கைக் கழற்றாமலே ஏற்றியிருக்கிறார். ஏற்கெனவே ஒரு டிஸ்க்கில் பூட் பார்ட்டிஷன் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் ஃபைல்கள் இருக்கும் பகுதி) இருந்தால், விண்டோஸ் பெரும்பாலும் தன் பூட் ஃபைல்களை அங்கேயே கொண்டுபோய் எழுதிவிடும். வீடு ஒரு டிஸ்க்கில், சாவி இன்னொரு டிஸ்க்கில். இரண்டும் ஓடும்வரை யாருக்கும் தெரியாது. எஸ்எஸ்டி மாற்றத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

தவிர்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கேபிளை உருவிவிட்டு, பழைய டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றுங்கள். எஸ்எஸ்டி மட்டும் இருக்கும்போது விண்டோஸ் ஏற்றுங்கள். அது தனியாக பூட் ஆவதைப் பார்த்த பிறகு பழையதை மாட்டுங்கள். ஏற்கெனவே போட்டு முடித்துவிட்டீர்களா? விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, ‘இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்’ அல்லது ‘சிஸ்டம் ரிசர்வ்டு’ என்பது எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பாருங்கள். பழையதில் மட்டும் இருந்தால், அது உயிரோடு இருக்கும்போதே பூட் ஃபைல்களை எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்த தவறு எஸ்எஸ்டி வாங்கும்போது நடப்பது. எம்.2 என்பது மதர்போர்டு ஸ்லாட்டில் நேராக மாட்டும் எஸ்எஸ்டி அட்டையின் வடிவம் மட்டும்தான். அதே வடிவத்தில் சாட்டாவும் வரும், அதைவிட வேகமான என்விஎம்இயும் வரும். சில ஸ்லாட்டுகள் இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும். மதர்போர்டு மாடலைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. சில போர்டுகளில் எம்.2 மாட்டியதும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாமல் போகும். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று பதறாமல் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அட்டையை லேசான சாய்வில் நுழைத்தால் மறுமுனை தூக்கிக்கொண்டு நிற்கும். அதை அழுத்திப் பிடித்து ஒரு குட்டி ஸ்க்ரூ போட வேண்டும். அந்த ஸ்க்ரூ மதர்போர்டு டப்பாவில் வந்திருக்கும், டப்பாவோடு தூக்கிப் போட்டிருப்பீர்கள். முன்கூட்டியே தேடி வையுங்கள்.

எச்61 சிப்செட் மாதிரிப் பழைய மதர்போர்டா? என்விஎம்இ பக்கமே போகாதீர்கள், அதிலிருந்து பூட் ஆவது கஷ்டம். 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி போதும். எச்61 சிப்செட்டில் சாட்டாவின் வேகமான தலைமுறையான சாட்டா 3 கிடையாது, அதனால் எஸ்எஸ்டியின் நொடிக்கு 550 எம்பி வேகம் பாதியாகக் குறையும். இருந்தாலும் வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க் ஒவ்வொரு ஃபைலையும் தேடிப் போகவே 10 மில்லி செகண்ட் அளவுக்கு எடுக்கும், எஸ்எஸ்டிக்கு 0.1 போதும். கம்ப்யூட்டர் சட்டென்று திறப்பது அதனால்தான்.

பழைய விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் (நகல்) செய்கிறவர்கள் முதலில் முக்கியமானதை வெளியே பேக்கப் எடுங்கள். எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதை மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் உங்கள் டேட்டா மேல் போய் உட்கார்ந்துவிடும். டிஸ்க்கின் அளவை வைத்து இருமுறை சரிபாருங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெகவரி கீயைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குளோன் முடிந்ததும் முதல் பூட் எஸ்எஸ்டியை மட்டும் வைத்துத்தான்.

பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் மதர்போர்டு செட்டிங்ஸ்) சாட்டா மோடு ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்தால், புதிய முறையான ஏஹெச்சிஐக்கு மாற்றிவிட்டு விண்டோஸ் ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு மாற்றினால் நீலத் திரை வரலாம்.

120 ஜிபி வேண்டாம், விண்டோஸும் அதன் அப்டேட்டுகளுமே அதில் கணிசமான இடத்தை எடுத்துக்கொள்ளும். 256 வாங்குங்கள், கொஞ்சம் இடம் காலியாகவே இருக்கட்டும். டீஃப்ராக் செய்யும் (சிதறிய ஃபைல்களை ஒன்றுசேர்க்கும்) தனி சாஃப்ட்வேர்களும் வேண்டாம், எஸ்எஸ்டிக்குத் தேவையான ட்ரிம் என்ற பராமரிப்பை விண்டோஸே செய்துகொள்ளும்.

அப்புறம், பழைய டிஸ்க்கை அன்றைக்கே ஃபார்மேட் செய்யாதீர்கள். ஒரு மாதம் அப்படியே இருக்கட்டும். டேலி டேட்டா, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, டெஸ்க்டாப்பில் கிடந்த ஏதோ ஒரு ஃபோல்டர், இதெல்லாம் இரண்டாவது வாரத்தில்தான் ஞாபகம் வரும்.