ஃபெல்ட் என்றால் 'உணர்ந்தேன்' மட்டும்தானா? அடிக்கடி நடக்கும் தவறுகள்

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் ஓபியில், அதாவது புறநோயாளிகள் பிரிவில், உள்ளே உட்கார்ந்திருக்கும் இளம் டாக்டர் பல நேரம் வெளிமாநிலத்துக்காரராக இருப்பார். நோயாளி கடலூரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்திருப்பார். நடுவில் நின்று ஆங்கிலத்தில் சொல்வது கூட வந்த கல்லூரிப் பிள்ளை. 'அம்மாவுக்கு நேத்து மயக்கம் வர்ற மாதிரி இருந்தது' என்பதுதான் சொல்ல வேண்டிய செய்தி. அதற்கு 'ஷி ஃபெல்ட் ஃபெயின்ட்' என்று சொல்ல வேண்டும். அவசரத்தில் 'ஷி ஃபெல், ஃபெயின்ட்' என்று வாயில் வந்துவிட்டால் அம்மா விழுந்தே போனதாக டாக்டர் எடுத்துக்கொள்வார். 'ஷி ஃபெயின்டட்' என்றாலோ நினைவு தப்பிவிட்டது என்று பொருள். நினைவு தப்பியதா, விழுந்ததில் தலையில் அடிபட்டதா என்பதை வைத்துத்தான் அடுத்த கேள்வியும் அடுத்த பரிசோதனையும் அமையும். அதனால் 'ஃபெல்ட்' என்ற இந்தச் சொல்லில் கொஞ்சம் கவனம் வைப்பது வீண்வேலை இல்லை.

பள்ளியில் நமக்குச் சொல்லித் தந்தது ஒரே வரி: ஃபீல், ஃபெல்ட், ஃபெல்ட், பொருள் 'உணர்'. பல பேருக்கு அதோடு பாடம் முடிந்துவிடுகிறது. நாம் பேசும்போது அந்த இடத்தில் 'உணர்' என்று எப்போதாவதுதான் சொல்கிறோம். குளிர்ந்தது, பசித்தது, தோன்றியது, அப்படிப் பட்டது, தொட்டுப் பார்த்தாள், நினைத்தார், மனசு கஷ்டப்பட்டது என்று ஒவ்வொரு இடத்துக்கும் தமிழில் ஒரு வினை இருக்கிறது. எல்லாவற்றையும் 'உணர்ந்தேன்' என்ற ஒன்றில் அடைக்கப் பார்க்கும்போதுதான் இரண்டு மொழியிலும் பிழை வருகிறது.

முதலில் விழுவதைப் பார்த்துவிடலாம். 'ஃபால்' என்பதன் இறந்த காலம் 'ஃபெல்'. 'ஃபெல்ட்' அதற்குச் சொந்தமில்லை. 'ஐ ஃபெல்ட் டவுன்' என்றால் கேட்பவர் உங்களுக்கு மனம் சோர்ந்துவிட்டது என்று நினைப்பார். பைக்கிலிருந்து விழுந்ததைச் சொல்ல 'ஐ ஃபெல் டவுன்' வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு நிகழ்காலத்திலேயே 'ஃபெல்' என்பதுதான் சொல். அதன் இறந்த காலம் எஃப், ஈ, எல், எல், ஈ, டி என்று எழுதப்படும். கடைசியில் மெல்லிய 'டு' ஒலி. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அதை எழுதும்போது 'தி ட்ரீஸ் ஃபெல்' என்றால் மரங்கள் விழுந்தன. 'தி சைக்ளோன் ஃபெல்டு தி ட்ரீஸ்' என்றால் புயல் மரங்களைச் சாய்த்தது. 'தி ட்ரீஸ் ஃபெல்ட்' என்று எழுதினால் மரங்கள் எதையோ உணர்ந்ததாக ஆகிவிடும்.

அடுத்தது, தேவையில்லாத 'வாஸ்'. 'ஐ வாஸ் ஃபெல்ட் சேட்' என்று நல்ல மார்க் வாங்கும் மாணவர்களே எழுதுகிறார்கள். இது ஏன் வருகிறது என்று பார்த்தால் நம் வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. நாம் மனசுக்குள் சொல்லிக்கொள்வது 'எனக்குக் கவலையாக இருந்தது'. அந்த 'இருந்தது' முதலில் 'வாஸ்' ஆகிறது, அப்புறம் ஃபெல்ட்டும் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒன்று 'ஐ வாஸ் சேட்', இல்லை 'ஐ ஃபெல்ட் சேட்'. இரண்டும் சேர்ந்து வராது. 'வாஸ் ஃபெல்ட்' சரியாக வரும் இடம் வேறு: உணரப்பட்ட பொருள் எழுவாயாக நிற்க வேண்டும். 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரியை ஒட்டிய கடலில் நிலநடுக்கம் ஏற்பட்டது, அளவு 5.5-ஐ ஒட்டி இருந்தது. சென்னையிலும் கட்டடங்கள் ஆடின. அதை 'தி எர்த்க்வேக் வாஸ் ஃபெல்ட் இன் சென்னை' என்று எழுதலாம். மக்களை எழுவாயாக வைத்தால் 'பீப்பிள் ஃபெல்ட் இட்', அவ்வளவுதான்.

'ஆக' விகுதியும் நம்மை இழுத்துவிடும். மகிழ்ச்சியாக, சோர்வாக, பயமாக என்று எல்லாவற்றையும் 'ஆக' போட்டுச் சொல்லிப் பழகியதால் ஆங்கிலத்திலும் 'லி' சேர்க்கக் கை போகிறது: 'ஐ ஃபெல்ட் ஹேப்பிலி'. மனநிலையைச் சொல்லும்போது ஃபெல்ட்டுக்குப் பின்னால் வெறும் 'ஹேப்பி', 'டயர்ட்', 'ஸ்கேர்டு' போதும்.

'டிட் யூ ஃபெல்ட்?', 'ஐ டிடின்ட் ஃபெல்ட்' இரண்டும் தப்பு. 'டிட்' வந்துவிட்டால் இறந்த காலம் அதிலேயே முடிந்தது; பின்னால் 'ஃபீல்' போதும். 'ஐ ஃபெல்ட் கோல்ட்' என்றால் குளிர்ந்தது. சளி பிடித்ததைச் சொல்ல 'ஐ காட் எ கோல்ட்'.

'ஃபீல் பண்ணினேன்' என்பதில்தான் நம்மவர்கள் கவனிக்காமலே மாட்டிக்கொள்கிறார்கள். 'ஃபீல் பண்ணாதடா' என்றால் வருத்தப்படாதே என்று கடலூர் பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தமிழுக்குள் வந்த 'ஃபீல்' தனியாக நின்றே வருத்தத்தைக் குறிக்கும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. துக்கம் விசாரித்து எழுதும் மடலில் 'ஐ ஃபெல்ட் வெரி மச்' என்று எழுதினால், படிப்பவர் எதை என்று தேடுவார். வாக்கியம் பாதியில் நின்றதுபோல் இருக்கும். 'ஐ ஃபெல்ட் வெரி சேட்' என்று வருத்தத்தைச் சொல்லால் சொல்லியாக வேண்டும். மனசிலிருந்து எழுதிய ஆறுதல் இந்த ஒரு சொல் விட்டுப்போனதால் சரியாகப் போய்ச் சேராமல் போவது வருத்தமான விஷயம்.

'லைக்' சேரும்போது பொருள் இன்னொரு பக்கம் போகிறது. 'ஐ ஃபெல்ட் லைக் எ டீ' என்றால் ஒரு டீ குடிக்கணும் போல இருந்தது. 'அழணும் போல இருந்தது' என்பதற்கு 'ஐ ஃபெல்ட் டு க்ரை' என்று போடாதீர்கள். 'ஐ ஃபெல்ட் லைக் க்ரையிங்' என்பதே வழக்கு. கையால் தொடுவதும் ஃபெல்ட்தான். புதுச்சேரி நேரு வீதி ஜவுளிக்கடையில் ஒருவர் சேலை முந்தானையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். அது 'ஷி ஃபெல்ட் தி சாரி'. சேலை வழவழவென்று இருந்தால் 'தி சாரி ஃபெல்ட் ஸ்மூத்'. இதைத் தமிழில் 'சேலை வழவழப்பாக உணர்ந்தது' என்று எழுதுபவர்கள் உண்டு. சேலை எதையும் உணராது. தொட்டால் வழவழவென்று இருந்தது என்று எழுதினால் போதும். டாக்டர் 'ஃபெல்ட் தி பல்ஸ்' என்றால் நாடி பிடித்துப் பார்த்தார். கரண்ட் போன இரவில் ஒருவர் சுவரைத் தடவித் தடவிப் போனால் 'ஹி ஃபெல்ட் ஹிஸ் வே'.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போது நடக்கும் தவறு இவை எல்லாவற்றையும்விடக் கனமானது என்பது என் கருத்து. தமிழில் 'தன் தவறை உணர்ந்தார்' என்றால் தவறு உண்மையிலேயே இருந்தது, அவர் அதைப் புரிந்துகொண்டார் என்று அர்த்தம். 'உணர்ந்தார்' என்று போட்ட உடனே, பின்னால் நிற்கும் செய்தி உண்மை என்று எழுதுபவரும் கையெழுத்துப் போட்டதாகிவிடும். ஆங்கில ஃபெல்ட்டில் அந்த உறுதி கிடையாது. ஒருவருக்கு அப்படித் தோன்றியது என்பதோடு நின்றுவிடும். 'தி ஆஃபீஸர் ஃபெல்ட் தட் தி ஃபேமிலி வாஸ் லையிங்' என்பதை 'குடும்பத்தினர் பொய் சொல்வதை அதிகாரி உணர்ந்தார்' என்று மாற்றினால் அந்தக் குடும்பம் பொய்யர்கள் என்று நாமே தீர்ப்பு எழுதியதாகிவிடும். 'பொய் சொல்வதாக அதிகாரி நினைத்தார்' என்றோ 'அதிகாரிக்குத் தோன்றியது' என்றோ எழுதினால்தான் நியாயம். நீதிமன்றம் 'ஃபெல்ட்' என்று வந்தால் 'கருதியது'. 'உணர்ந்தார்' என்பதை உண்மையிலேயே 'ரியலைஸ்' என்ற பொருள் வரும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். செய்தி மொழிபெயர்ப்பவர்கள் இந்த ஒன்றில் மட்டுமாவது கறாராக இருக்க வேண்டும். அடுத்தவர் மானம் இதில் இருக்கிறது.

சரி, ஃபெல்ட் என்றே பெயர் கொண்ட துணிக்கு வருவோம். ஆன்லைன் கடைகளில் தானியங்கி மொழிபெயர்ப்பு 'உணர்ந்த தொப்பி', 'உணர்ந்த பேனா' என்று போட்டு வைக்கும். இந்த ஃபெல்ட் வேறு வேரிலிருந்து வந்த தனிச்சொல். ஃபீலுக்கும் இதற்கும் உறவில்லை. கம்பளி இழையின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் கொடுத்து அழுத்தித் தேய்த்தால் அவை ஒன்றோடொன்று சிக்குப் பிடித்து, பிரிக்க முடியாத ஒரே பட்டையாகிவிடும். நெய்த துணிபோல் நீள நூலான பாவு கிடையாது, குறுக்கு நூலான ஊடை கிடையாது. அதனால் எப்படி வெட்டினாலும் ஓரம் நூல் பிரியாது. பியானோவின் சுத்தியல்களில் ஒட்டியிருப்பதும், நாற்காலிக் காலில் கீறல் விழாமல் ஒட்டுவதும் இதுதான். காஷ்மீரத்து நம்தா விரிப்பும் ஃபெல்ட்தான். கைவினைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் வண்ண ஃபெல்ட் தாள்களில் பெரும்பாலானவை கம்பளி இல்லை, பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை. தமிழில் இதை 'ஃபெல்ட் துணி' என்றே எழுதுங்கள். நம் காபி ஃபில்டரின் பெயரும் இந்தத் துணியிலிருந்து வந்ததுதான். பானங்களை வடிகட்ட ஒரு காலத்தில் ஃபெல்ட் துண்டுகளைப் பயன்படுத்தினார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு படிப்பவர்களுக்கு இந்தக் குழப்பமே வராது. அங்கே உணர்வதற்கு 'சாந்தீர்', துணிக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் 'ஃபோத்ர்'.

சமூகப்பணி படிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 'ஃபெல்ட் நீட்' என்ற சொல் அவர்கள் பாடத்தில் வரும். ஜொனாதன் பிராட்ஷா 1972-இல் தேவைகளை நான்காகப் பிரித்தார்: வல்லுநர் வகுப்பது, மக்களே தமக்கு வேண்டும் என்று நினைப்பது, வாய்திறந்து கேட்பது, பிறரோடு ஒப்பிட்டுத் தெரிவது. இரண்டாவதுதான் ஃபெல்ட் நீட். இதைக் கேள்வித்தாளில் 'உங்கள் உணர்ந்த தேவைகள் யாவை?' என்று அச்சடித்துக்கொண்டு கடலூர் தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் ஓர் அம்மாவிடம் போய் நின்றால் அவர் நம் முகத்தைத்தான் பார்ப்பார். 'ஏம்மா, உங்களுக்கு இப்போ முக்கியமா என்ன வேணும்னு நினைக்கிறீங்க?' என்று கேளுங்கள். ஐஸ் பெட்டியோ, மார்க்கெட்டில் நிழலோ, பிள்ளைக்கு வேலையோ, அவரே சொல்லிவிடுவார்.