கேமரா மாத்திரைக்கு முன்: குடல் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது

பேதி மருந்து குடித்து வயிறு காலியாகிவிட்டது, இனி சிறுகுடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் கேமரா மாத்திரையை விழுங்க வேண்டியதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் தவறு அதுதான். பேதி மருந்து குடலைச் சுத்தமாக்கும். சுருங்கிய இடத்தை அகலமாக்காது. மாத்திரையின் நீளம் சுமார் 26 மி.மீ., குறுக்களவு 11 மி.மீ. நீர்போன்ற மலம் தாராளமாகப் போகும் இடுக்கில் இந்தக் கெட்டிப் பொருள் நின்றுவிடலாம். இரண்டு வாரமாகியும் வெளியே வராவிட்டால் சிக்கிக்கொண்டதாக மருத்துவர்கள் கொள்வார்கள். பிறகு மருந்து, பலூன் எண்டோஸ்கோபி (பலூன் பொருத்திய குழாயைக் குடலுக்குள் செலுத்தி எடுப்பது), சில சமயம் அறுவைச் சிகிச்சை என்று வேலை நீளும்.

எல்லோருக்கும் இந்த ஆபத்து ஒரே அளவில் இல்லை. கிரோன் நோய் (குடலில் நாள்பட நீடிக்கும் அழற்சி), முன்பு குடலில் அறுவைச் சிகிச்சை, வயிற்றுப் பகுதியில் கதிர்வீச்சு, குடல் அடைப்பு ஏற்பட்ட வரலாறு ஆகியவை உள்ளவர்களுக்கு அதிகம். நம் நாட்டில் குடல் காசநோயையும் சேர்க்க வேண்டும். நோய் ஆறிய பிறகும் தழும்பு குடலைச் சுருக்கி வைத்திருக்கும்.

நோயாளிகள் சொல்லாமல் விடுவது வலி மாத்திரையைத்தான். மறைக்க வேண்டும் என்று இல்லை. மூட்டுவலிக்காக மருந்துக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபினாக்கை யாரும் 'மருந்து' என்று கணக்கில் வைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் போட்டால் சிறுகுடலின் உள்ளே மெல்லிய சவ்வு வளையங்கள் உருவாகி வழியைக் குறுக்கலாம். அவை மிக மெல்லியவை என்பதால் ஸ்கேனில் தப்பிவிடுவதும் உண்டு. ஆகவே ‘சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்களே’ என்று அந்த அறிக்கையையே முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சந்தேகம் உள்ளவர்களுக்கு மருத்துவர் முதலில் ஓர் ஒத்திகை மாத்திரை தரலாம். பேட்டன்சி காப்ஸ்யூல் என்பார்கள். அளவு அதேதான், உள்ளே கேமரா இல்லை. லாக்டோஸும், எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் சிறிது பேரியமும் சேர்த்துச் செய்தது. ஏறக்குறைய 30 மணி நேரம் உருக்குலையாமல் இருந்து, அதன்பின் கரையத் தொடங்கும். எங்காவது மாட்டினாலும் பெரும்பாலும் தானே கரைந்துவிடும் என்பதுதான் இதன் பயன்.

இங்கேதான் நேரக் கணக்கு தவறுகிறது. காலை 8 மணிக்கு விழுங்கினால் மறுநாள் பிற்பகல் 2 மணியளவில் முடிவு தெரிய வேண்டும். ‘வேலை இருந்தது’ என்று மூன்றாம் நாள் வந்து நின்றால் சோதனையே வீண். அதற்குள் கரைந்துபோனதா, முழுதாக வெளியேறியதா என்று யார் சொல்வது? விழுங்கிய நேரத்தைத் தாளில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறை மலம் கழிக்கும்போதும் பாருங்கள். முகம் சுளிக்காமல் செய்ய வேண்டிய வேலை இது. வெளியே வந்தது முழு வடிவில், கெட்டியாக இருந்தால் வழி இருக்கிறது. நசுங்கியோ, வெறும் உறையாகவோ வந்தால் அதை வெற்றி என்று எண்ணக் கூடாது. வந்ததை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரை வரவில்லை என்பதாலேயே அடைப்பு என்றும் முடிவு கட்ட வேண்டாம். மலச்சிக்கல் உள்ளவருக்கு அது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலில் முழுதாகத் தங்கியிருக்கலாம். அப்படியானால் வழி திறந்திருக்கிறது என்றே பொருள். ஆனால் சாதாரண எக்ஸ்ரேயில், இடுப்புப் பகுதியில் கிடக்கும் மாத்திரை எந்தக் குடலில் இருக்கிறது என்று பிரித்தறிவது கடினம். ஐயம் இருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் சி.டி. எடுப்பார்கள். இதை வீண் செலவு என்று மறுக்காதீர்கள்.

ஒத்திகை மாத்திரையை விழுங்கியபின் வயிறு முறுக்கி வலித்தாலோ, வாந்தி வந்தாலோ ‘சும்மா வெறும் மாத்திரைதானே’ என்று காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சோதனையில் தேறியவர் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, இடையில் புதிதாக வயிற்றுவலி வந்திருந்தால், பழைய முடிவை நம்பிக் கேமரா மாத்திரையை விழுங்கக் கூடாது. விழுங்கியவரோ, அது வெளியேறியது உறுதியாகும் வரை எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் பக்கம் போகக் கூடாது.