மூன்றாம் கியரிலேயே நின்ற வண்டி

என் ஆட்டோமேட்டிக் காருக்கு வயது 16. போன கோடையில் பாளையங்கோட்டையிலிருந்து தென்காசி போகும்போதெல்லாம், ஆலங்குளம் தாண்டியதும் ஒரு வெட்டு வெட்டி, வேறு கியருக்கு மாறாமல் மூன்றாம் கியரிலேயே நின்றுவிடும். அணைத்து அரை மணி ஆறவிட்டால் ஒழுங்காக ஓடும்.

ஒரு பட்டறையில் கியர்பாக்ஸையே மாற்றச் சொன்னார்கள். மனசு கேட்கவில்லை. இன்னொரு இடத்தில் கியர் ஆயிலை மாற்றினேன். பழையது கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. மாற்றியது நல்லதுதான், ஆனால் கோளாறு போகவில்லை.

வண்ணார்பேட்டையில் ஒரு எலக்ட்ரீஷியன் தம்பிதான், "அண்ணாச்சி, கியர்பாக்ஸ்ல கைய வச்சிராதீய. மொதல்ல எர்த்தைப் பாப்போம்" என்றான். பேட்டரிக்கு அடியில், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியாக பாடியோடு சேரும் எர்த் ஒயர் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. கியர்பாக்ஸுக்குள் கியரை மாற்ற எந்தக் கிளச்சுக்கு ஆயில் அழுத்தம் போகவேண்டும் என்பதைச் சோலனாய்டு வால்வுகள்தான் மின்சாரத்தால் திறந்து மூடித் தீர்மானிக்கின்றன. சூட்டில் அந்த எர்த் இணைப்பு தளர்ந்து வால்வுகளுக்குப் போகும் வோல்டேஜ் இறங்கியதும், வண்டியின் கணினி கியர்பாக்ஸைக் காப்பாற்ற ஒரே கியரில் பூட்டியிருக்கிறது.

உப்புத்தாளால் தேய்த்து, ஒயர் நுனிக்குப் புது லக் (உலோக முனை) போட்டு இறுக்கினோம். சோலனாய்டு கனெக்டரையும் கிளீனர் அடித்துத் துடைத்தோம்.

மறுநாள் உச்சிவெயிலில் பாபநாசத்திலிருந்து காரையாறு ஏற்றம் ஏறினேன். இரண்டும் மூன்றும் வெட்டே இல்லாமல் மாறி மாறி விழுந்தன. அணைக்கட்டு வந்தபோது கண் கலங்கிவிட்டது.