என்ஹெச்ஐ பேச்சுக்குள்ள சாமி வந்தா எப்படி சமாளிக்கறது

தென்னாப்பிரிக்கால, டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல கோயில் பந்தியில உட்கார்ந்து பருப்பு ஊத்துறதுக்குள்ள என்ஹெச்ஐ (எல்லாரோட சிகிச்சைக்கும் அரசு நிதியே காசு கட்டற தேசிய சுகாதார காப்பீட்டு சட்டம்) பேச்சு வந்துடும், ஒரு மாமா 'நோயாளிக்கு உதவுறதுதான் தர்மம், அதனால சட்டம் சரி'ம்பாரு, எதிர்ல உள்ளவரு 'தர்மம்னா மனசார குடுக்கணும், வரியா புடுங்கினா அது எப்படி தர்மம்'ம்பாரு.

ரெண்டும் நல்ல வாதம்தாங்க, ஆனா சட்டத்த யாரும் படிச்சிருக்க மாட்டாங்க. அங்கதான் நீங்க நுழையணும். அதிபர் ராமபோசா 2024 மே 15ல கையெழுத்து போட்ட அந்த சட்டத்துல 33ஆம் பிரிவ பாத்துட்டு போங்க: முழுசா அமலானப்புறம், அரசு நிதி கவர் பண்ற சிகிச்சைக்கு மெடிக்கல் எய்டு (நாம மாசாமாசம் கட்டற தனியார் மருத்துவ காப்பீடு) காசு குடுக்க முடியாது. 'தர்மம் சரி மாமா, உங்க முட்டி ஆபரேஷனுக்கு யாரு கட்டுவா?'ன்னு மெதுவா கேளுங்க. சாமிய மட்டும் மறுத்து பேசிடாதீங்க, பாயசம் உங்க இலைக்கு வராது.