கடலோரத்து வீட்டுப் பழக்கம், வெளிநாட்டுக் குடித்தனம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கடற்கரை ஊர்களில் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு அநேகமாகக் கிடையாது. ஆனால் முந்தைய தலைமுறைச் சபுராளிகளில் (வெளிநாடு போய்ச் சம்பாதித்தவர்களில்) பெரும்பாலோர் தனியாகப் போன ஆண்கள். கம்பெனி கொடுத்த அறை, மெஸ் சாப்பாடு என்று அவர்கள் காலம் கழிந்துவிட்டது. இப்போது குடும்பத்தோடு போகிறார்கள். சிங்கப்பூர், துபாயைத் தாண்டிக் கனடா, ஜெர்மனி வரை போகிறார்கள். விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் யோசனை சொல்ல ஊரே இருக்கிறது. அங்கே போய்க் குளியலறையில் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

நம் வீட்டுப் பழக்கங்களில் பாதி, உப்புத்தண்ணீரும் பஞ்சமும் கற்றுக்கொடுத்தவை. தள்ளுவண்டியில் குடம் குடமாக நல்ல தண்ணீர் வாங்கியவர்களுக்கு, காவிரித் தண்ணீர் எப்போது வரும் என்று குழாயையே பார்த்திருந்தவர்களுக்கு, ஒரு வாளி காலியாகக் கிடந்தால் மனசு கேட்காது. சிங்கப்பூரில் அந்த மனசை அடக்க வேண்டும். அங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். சேர்த்துவைக்க அவசியமே இல்லை. நிறைத்துவைத்த வாளியில் டெங்கு கொசு முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரம் போதும். அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து பூச்சட்டித் தட்டு வரை பார்ப்பார்கள். புழு நெளிந்தால் அபராதம்.

வளைகுடாவில் தொல்லை வேறு மாதிரி. கோடையில் மொட்டைமாடித் தொட்டி கொதித்து, பச்சைத்தண்ணீர்க் குழாயிலேயே வெந்நீர் வரும். பழைய ஆட்கள் வெயில் ஏறும்போதே ஹீட்டரை அணைத்துவிடுவார்கள். ஹீட்டர் தொட்டி ஏசி போட்ட வீட்டுக்குள் இருப்பதால் அதில் நிற்கும் தண்ணீர் ஆறிவிடும்; சிவப்புக் குறி போட்ட குழாயைத் திறந்துதான் குளிப்பார்கள். புதிதாகப் போனவர் ஹீட்டரையும் போட்டுவிட்டு, தோல் எரிந்து நிற்பார்.

கனடா, அமெரிக்கா, ஐரோப்பாப் பக்கம் குளியல் தொட்டிக்கு வெளியே தரையில் பெரும்பாலும் வடிகால் இருக்காது. நாம் செம்பால் மொண்டு ஊற்றுகிற வேகத்தில் தெறிக்கும் தண்ணீர் தரைக்குள் இறங்கி, கீழ்வீட்டுக்காரர் கூரையில் கறையாகத் தெரியும். பழுது பார்க்கும் செலவு உங்கள் தலையில் விழலாம். வாளியும் செம்பும் தொட்டிக்குள்ளேயே இருக்கட்டும். திரைச்சீலையின் கீழ் விளிம்பும் உள்பக்கமாகத் தொங்கட்டும். கழிப்பறைக்குக் கை ஷவர் மாட்டினால், ஒவ்வொரு முறையும் சுவரோரத்து வால்வை மூடுங்கள். எந்நேரமும் அழுத்தத்தில் இருக்கிற குழாய் ஆள் இல்லாத நேரத்தில் வெடித்தால் வீடே குளமாகும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தரையைக் கழுவிவிடும் வழக்கமும் இங்கேயே இருக்கட்டும். மரத்தரை தண்ணீர் குடித்தால் உப்பிப் போகும். பிழிந்த துணியால் துடைத்தாலே போதும்.

அடுத்தது மிக்ஸி. பின் மாற்றும் அடாப்டர் வாங்கினால் தீர்ந்தது என்று நினைப்பதுதான் இதில் பெரிய தவறு. அடாப்டர் பின்னின் வடிவத்தை மாற்றும், வோல்ட்டை மாற்றாது. நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு). சிங்கப்பூர், மலேசியா, எமிரேட்ஸ், பிரிட்டன் எல்லாம் ஏறக்குறைய இதேதான். மூன்று தட்டைப் பின் செருகுவதுதான் வித்தியாசம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கே நம் மிக்ஸி முனகுமே தவிர தேங்காய் அரைக்காது. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம், ஆனால் 750 வாட் மிக்ஸிக்குத் தாங்குகிற டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிவைக்கவே ஆள் வேண்டும். அந்த வோல்ட்டுக்கென்றே செய்த இந்திய மிக்ஸியை அங்கேயே வாங்குவது மேல். சவூதியில் வோல்ட் ஒத்துப்போனாலும் 60 ஹெர்ட்ஸ் என்பதால் கிரைண்டர் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும், மோட்டார் சூடாகும். போன், லேப்டாப் சார்ஜர்களில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் கவலை இல்லை. இண்டக்‌ஷன் அடுப்பு உள்ள வீட்டுக்கு மண்சட்டியோ அலுமினியச் சட்டியோ கட்டிக்கொண்டு போகாதீர்கள். அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் அதில் சூடேறும்.

பெட்டி கட்டும்போது கசகசாவை எடுத்து வெளியே வையுங்கள். குருமாவுக்கு ஒரு பிடி என்று வீட்டார் மடித்துத் தருவது எமிரேட்ஸிலும் சிங்கப்பூரிலும் தடைசெய்யப்பட்ட பொருள். அபின் எடுக்கும் பாப்பிச் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. “மசாலாதானே” என்ற பதில் விமான நிலையத்தில் செல்லாது. அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலையும் கொண்டுபோக முடியாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பூச்சி அதில் ஒட்டிவரும் என்ற பயம் அவர்களுக்கு.

இனி கருவாடு. பாம்பன் காற்றில் அரைமணியில் கரைந்துபோகும் வாசனை, சன்னல் மூடிய அடுக்குமாடியில் நாள்கணக்கில் நிற்கும். அடுப்புக்கு மேலே விசிறி இருக்கிறதே என்று நம்பவேண்டாம். பல வீடுகளில் அது புகையை வெளியே தள்ளாது, வடிகட்டித் திரும்ப அடுப்படிக்குள்ளேயே விடும். வறுவலை விட்டுக் குழம்பாக வைத்தால் தொல்லை குறையும். வறுத்தே ஆகவேண்டும் என்றால் முதலில் படுக்கையறைக் கதவையும் துணி அலமாரியையும் மூடுங்கள். தாளிப்புப் புகைக்கோ வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்கோ புகை அலாரம் கத்தினால் சன்னலைத் திறந்து விசிறிவிடுங்கள். பிளாஸ்டிக் பையால் அதை மூடுவதும் பேட்டரியைக் கழற்றுவதும் பல இடங்களில் குற்றம். அதைவிட, நிஜமாகவே தீப்பிடிக்கும் இரவில் எழுப்ப எதுவும் இருக்காது.

துணி விஷயத்தில் இரண்டு சொன்னால் போதும். துபாயில் தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி பால்கனியில் கைலியைக் காயப்போட்டால் நகராட்சி அபராதம் விதிக்கும். குளிர் நாட்டில் சன்னலைத் திறக்காமல் அறைக்குள்ளேயே காயப்போட்டால் சுவரில் கறுப்புப் பூஞ்சை பூக்கும். குளிர் அடித்தாலும் தினமும் கொஞ்ச நேரம் சன்னலை அகலத் திறந்துவைக்க வேண்டும். இரும்பைத் தின்கிற உப்புக்காற்றைத்தான் நமக்குத் தெரியும், இந்த ஈரம் நமக்குப் புதிது.

பிரசவத்துக்கு ஒத்தாசையாக ஊரிலிருந்து அம்மாவையோ மாமியாரையோ அழைப்பவர்கள், அவர்கள் வந்து இறங்கிய அன்றே மூன்றைக் காட்டிக்கொடுங்கள்: வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம், அலாரம் அடித்தால் என்ன செய்வது, பொரித்த எண்ணெயை எதில் ஊற்றுவது. பாத்திரம் கழுவும் தொட்டியில் எண்ணெயை ஊற்றினால் குளிரில் உறைந்து குழாயை அடைக்கும். ஆறியபின் பழைய டப்பாவில் மூடிக் குப்பையில் போடலாம். நம் வீட்டுக் கொல்லையில் அடுப்படித் தண்ணீர் நேரே வாழைக்குப் போகும், அதனால் அவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது.