கதவு ஸ்பிரிங் பட்ட பாடு

ஹட்டனில் எங்கள் வாசல் ஒரே சரிவு. பழைய காரின் கதவுக் கீல் முள்ளை மாற்றக் கழற்றிய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட முடியவில்லை. அது இல்லாமல் கதவு திறந்தபடி நிற்காது. தானாக வந்து முழங்காலில் அடிக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதில் ஸ்பிரிங் பறந்து தேயிலைச் செடிக்குள் விழுந்தது. தேடவே அரை மணி நேரம்.

கராஜ் பாஸ் சிரித்துவிட்டு, "வைசில நசுக்கி, கட்டுக்கம்பியால கட்டுங்க தம்பி" என்றார். சரி என்று, வைஸ் என்கிற இறுக்கிப் பிடிக்கும் கருவியில் வைத்து, சுருள்கள் ஒட்டும்வரை இறுக்கி, எதிரெதிரே இரண்டு இடத்தில் மும்மூன்று சுற்று கட்டினேன். வைசைத் தளர்த்தியும் ஸ்பிரிங் குட்டையாகவே இருந்தது. கீலுக்குள் லேசாகப் போய் உட்கார்ந்தது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு கம்பியை வெட்டினேன். 'டக்'! அப்புறம் துண்டுக் கம்பிகளைக் குறட்டால் இழுத்தெடுத்து, கொஞ்சம் கிறீஸ் தடவினேன். இப்போது சரிவிலும் கதவு நிற்கிறது.