மைக்ரேனுக்கு மூக்கில் விடும் லிடோகேய்ன்: நடக்கும் தவறுகள்

பல் பிடுங்கும்போது ஈறை மரக்கவைக்கும் லிடோகேய்னைச் சில மருத்துவர்கள் மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலிக்கும் மூக்கில் விடச் சொல்வதுண்டு. இது அந்த மருந்துக்கு அங்கீகரிக்கப்பட்ட பயன் அல்ல. மருத்துவர் தம் பொறுப்பில், நோயாளியைப் பரிசோதித்த பிறகே தருவது. சுங்கை சிப்புட்டில் இருப்பவர் நரம்பு மருத்துவரைப் பார்க்க ஈப்போவுக்குப் போகவேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்து, கிடைத்த மருந்தை வீட்டிலேயே முயலாதீர்கள்.

பெரிய தவறு, லிடோகேய்ன் என்றால் எல்லாம் ஒன்று என நினைப்பது. இந்த முறையை மைக்ரேனுக்குச் சோதித்து 1996இல் வெளியான ஆய்வில் விட்டது 4 விழுக்காட்டுக் கரைசல், 0.5 மில்லி, அதாவது 20 மில்லிகிராம். பல் ஊசி மருந்தில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும், நெஞ்சு படபடக்கும். தொண்டைக்கு அடிக்கும் 10 விழுக்காட்டு ஸ்ப்ரேயில் ஒரு அழுத்துக்கு 10 மில்லிகிராம் வரும். நாலு தடவை அழுத்தினால் ஆய்வில் விட்ட அளவைவிட இரட்டிப்பு.

உட்கார்ந்தபடி விட்டால் மருந்து தொண்டைக்குள் வழிந்துவிடும். போய்ச் சேரவேண்டியது மூக்கின் பின்கோடியிலுள்ள நரம்பு முடிச்சுக்கு அருகே. அதனால்தான் மல்லாந்து படுத்து, தலையைக் கட்டில் விளிம்புக்குக் கீழே சாய்த்து, வலிக்கும் பக்கம் சற்றே திருப்பி, அந்தப் பக்க மூக்கில் 30 விநாடி மெதுவாக விடச் சொல்கிறார்கள். பிறகு தொண்டை மரத்திருக்கும். மரப்பு போகும்வரை ஒட்டுக்கடைத் தே தாரேக் வேண்டாம்: சூடு தெரியாது, புரையேறும்.

அந்த ஆய்வில் 15 நிமிடத்துக்குள் வலி பாதியாவது குறைந்தவர்கள் 55 விழுக்காடு. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லா உப்புநீர் விட்டவர்களில் 21 விழுக்காடு. ஆனால் குறைந்தவர்களில் 42 விழுக்காட்டினருக்கு வலி திரும்பியது, பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்திலேயே. திரும்பியதும் மறுபடி மறுபடி விடுவதுதான் ஆபத்து. வாயோரம் கூச்சம், காதில் இரைச்சல், நாக்கில் உலோகச் சுவை வந்தால் மருந்து ரத்தத்தில் ஏறிவிட்டது; அடுத்து வலிப்பு வரலாம். மைக்ரேன் தடுக்க புரோப்ரனலோல் சாப்பிடுபவர் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். அது லிடோகேய்ன் உடலைவிட்டு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். இதயத் துடிப்புக் கோளாறையும் மறைக்காதீர்கள்.

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பனடோல் போடுபவருக்கு மாத்திரையே தலைவலியைத் தரலாம். அதற்குச் சொட்டு மருந்து தீர்வல்ல. கிளினிக்கில் சொல்லி மாத்திரையைக் குறைக்கவேண்டும்.

திடீரென்று இடி விழுந்ததுபோல வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் கை கால் இழுத்தல், பேச்சுக் குழறல் வந்தால் மூக்கில் எதையும் விடாமல் 999ஐ அழையுங்கள்.